ஊர்ப்புகழ் பெற்ற யானைகள்

தனிப் பெயராலும் தோற்றத்தாலும் அறியப்பட்டு, ஒரு வட்டாரத்து மக்களின் பொது நினைவில் இடம்பெற்ற யானைகளே ஊர்ப்புகழ் பெற்ற யானைகள். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி, குருவாயூர் கேசவன், கண்டி ராஜா ஆகியவை கோயில் சார்ந்து புகழ்பெற்றவை. கோவை சின்னத்தம்பி காட்டிலிருந்து வந்து பெயர் பெற்றது. பேருருவம் முதலில் பார்வையை ஈர்க்கிறது. நாள்தோறும் கண்ணில் படுவதும், பெயர் சொல்லி அழைக்க முடிவதும் அந்தப் புகழை நிலைக்கச் செய்கின்றன.

உயரத்தால் வந்த பெயர்

ஆசிய ஆண் யானை தோளளவில் சராசரியாக 2.75 மீட்டர் உயரமும், பெண் யானை சுமார் 2.4 மீட்டரும் இருக்கும். 3 மீட்டரைக் கடப்பவை குறைவு. கடந்தவை பெரும்பாலும் பெயர் பெற்றுவிடுகின்றன. கேரளக் கோயில் விழாக்களில் இறைவனின் உற்சவ உருவமான திடம்பை ஏந்தும் உரிமை உயர்ந்த யானைக்குக் கிடைப்பது வழக்கம். நிலம்பூர் அரச குடும்பம் 1922இல் குருவாயூர் கோயிலுக்குக் காணிக்கையாக அளித்த கேசவன் 3.2 மீட்டர் உயரம் வளர்ந்தது. கோயில் நிர்வாகமான தேவஸ்வம் அதற்கு 'கஜராஜன்' பட்டம் வழங்கியது. 1976 டிசம்பர் 2, குருவாயூர் ஏகாதசி நாளில் அது இறந்தது. மறு ஆண்டே அதன் பெயரில் மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. குருவாயூரில் கேசவனுக்குச் சிலையும் உண்டு. ஆண்டுதோறும் நினைவு நாளில் மற்ற யானைகள் அங்கு அணிவகுக்கின்றன.

இலங்கையில் கண்டி எசல பெரஹெரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்குரிய பேழையைச் சுமந்த ராஜா, மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது ஊர்வலத்தில் நடந்தது. 1986இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தார். 1988இல் அது இறந்தது. அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, கண்டித் தலதா மாளிகை வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் பணியைப் பின்னாளில் ஏற்ற நடுங்கமுவ ராஜா மைசூரில் பிறந்தது, சுமார் 3.2 மீட்டர் உயரம். 2022 மார்ச் 7 அன்று அதுவும் மறைந்தது.

புதுச்சேரி லட்சுமி

லட்சுமியின் புகழுக்கு உயரம் காரணமன்று. 1990களின் நடுவில், ஏறத்தாழ ஐந்து வயதுக் குட்டியாகக் கோயிலுக்குக் காணிக்கையாக வந்தது. பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறுவதற்கு முன்பிருந்தே வழிபாட்டில் இருக்கும் அக்கோயில், கடற்கரைக்கு அருகே வெள்ளை நகரத்தின் குறுகிய வீதியில் உள்ளது. அதன் வாசலில் நின்ற லட்சுமியைக் காணாமல் யாரும் உள்ளே போக முடியவில்லை. நகரத்தார் மட்டுமின்றி, தெற்கே அரியாங்குப்பம், மேற்கே வில்லியனூர் கொம்யூன்களிலிருந்து புது வண்டிக்குப் பூசை போட வருவோரும், வெளிநாட்டுப் பயணிகளும் லட்சுமியின் முன் தலை குனிந்து துதிக்கையால் ஆசி பெற்றனர். வெள்ளிக் கொலுசு அதன் அடையாளமாயிற்று. பெற்றோர் இடுப்பில் குழந்தையாக இருந்து அதைத் தொட்டவர்கள், பின்னாளில் தம் குழந்தைகளைத் தூக்கிவந்து காட்டினர். ஒரு தலைமுறை முழுவதும் லட்சுமியோடு வளர்ந்தது.

2020இல் லட்சுமி குரும்பாப்பேட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. திறந்த வெளியும் மரநிழலும் யானைக்கு நல்லது என்று ஒரு தரப்பினர் வாதிட்டனர். கோயிலுக்கே திரும்ப வேண்டும் என்று பக்தர்கள் கோரினர். பின்னர் அது கோயிலுக்குத் திரும்பியது.

2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது கால்வே கல்லூரி அருகே லட்சுமி சாய்ந்து விழுந்து இறந்தது. மாரடைப்பே காரணம் என்று தெரிவிக்கப்பட்டது. அதற்கு வயது 32. துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனும் முதலமைச்சர் ந. ரங்கசாமியும் அஞ்சலி செலுத்தினர். ஆயிரக்கணக்கானோர் மாலையும் பூவும் கொண்டு வந்தனர். பலர் கதறி அழுதனர். அன்றே உடல் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

காட்டு யானைகள்

வளர்ப்பு யானைகளுக்கு மட்டுமே இப்புகழ் உரியதன்று. கோவைப் புறநகரில் பயிர் மேய்ந்த சின்னத்தம்பியை 2019 ஜனவரியில் வனத்துறை பிடித்து ஆனைமலைக் காட்டில் விட்டது. அது காட்டை விட்டிறங்கி உடுமலைப்பேட்டை வரை நடந்து வந்தது. அதைக் கும்கியாக, அதாவது காட்டு யானைகளை அடக்கப் பயன்படும் பழக்கிய யானையாக, மாற்றக் கூடாது என்று மக்கள் குரல் எழுப்பினர். பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டு வரகளியாறு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மூணாற்றுப் பகுதியில் அரிசி தேடி வீடுகளை உடைத்த அரிக்கொம்பன், 2023 ஜூனில் கம்பம் அருகே பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பப்பட்டது.

சட்டமும் நலனும்

இந்திய யானை 1977இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2010இல் தேசிய மரபு விலங்காக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2003இல் கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாமைத் தொடங்கியது. பிற்காலத்தில் தேக்கம்பட்டியில் நடந்த முகாம்களில் புதுச்சேரி யானைகளும் கலந்துகொண்டன. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனிப் புதிய யானைகளை வாங்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை முன்வைத்தது.

காட்டில் பெண் யானை தாய், தமக்கை, கன்றுகள் அடங்கிய கூட்டத்தோடு வாழ்கிறது. நாளின் பெரும்பகுதி நடந்து மேய்கிறது. கோயில் வாசலில் அது தனித்து நிற்கிறது. கல்தளமும் தார்ச்சாலையும் பாதத்தைப் புண்ணாக்குகின்றன. நடை குறைந்து பழமும் சர்க்கரைப் பொங்கலும் கூடும்போது உடல் பருக்கிறது. பக்தர்கள் அன்போடு ஊட்டும் உணவே நோய்க்கு வழி திறந்துவிடுவதுண்டு.

ஆகவே புகழ் யானைக்குத் தானாகக் காப்பு ஆகாது. ஓர் ஊர் தன் யானையின் பெயரை அறிந்திருப்பதோடு, அது தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறது, என்ன தின்கிறது, எந்தத் தரையில் நிற்கிறது, மற்றொரு யானையைக் கடைசியாக எப்போது பார்த்தது என்பதையும் கேட்டறிய வேண்டும். லட்சுமிக்காகத் தெருவில் இறங்கிய புதுச்சேரி மக்களின் பாசம், அடுத்த யானையைக் காணிக்கையாக எதிர்பார்ப்பதில் அல்லாமல், இன்று உயிரோடு இருக்கும் யானைகளுக்கு நிழலும் மண்தரையும் துணையும் கேட்பதில் முழுமை பெறும்.