தராசு சொன்ன பாதி உண்மை

குறைமாதத்தில் பிறந்த சிசுவைக் காப்பாற்றும் வித்தையில் வெப்பத்துக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஸ்டெஃபான் டார்னியே, மிருகக்காட்சிசாலையில் முட்டை பொரிக்க வைத்திருந்த பெட்டியைக் கண்டு, அதுபோன்றதொன்றைச் சிசுக்களுக்கும் செய்வித்த கதை பிரசித்தமானது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லாதபோது எந்தப் பாலை, அதிலும் எந்தக் கொழுப்பை ஊட்டுவது என்ற வழக்கு நூறாண்டுக்கு மேல் நடந்தது. அதில் தராசையே நீதிபதியாக அமர்த்திவிட்டார்கள்.

பசும்பாலின் கொழுப்பு தாய்ப்பாலின் கொழுப்பன்று என்பதை உணர்ந்து, கிளீவ்லாந்து நகரத்து ஹென்றி கெர்ஸ்டன்பெர்கர் 1915-ஐ ஒட்டிய காலத்திலேயே மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும் காட் மீன் ஈரல் எண்ணெயும் கலந்து எஸ்.எம்.ஏ. என்ற புட்டிப்பாலை வகுத்தார். மீனெண்ணெய் சேர்ந்ததால், எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்கும் அது தடையாயிற்று. குறைமாதக் குழந்தைகளின் விஷயத்திலோ காற்று எதிர்த்திசையில் வீசியது. 1947-இல் நியூயார்க்கில் கார்டன், லெவின் முதலியோர், பாதி ஆடை நீக்கிய பசும்பாலைக் குடித்த சிசுக்கள் தாய்ப்பால் குடித்தவற்றைவிட வேகமாக எடை கூடியதைக் கண்டார்கள். பித்த உப்புக் குறைந்த அந்தச் சின்னஞ்சிறு குடல் வெண்ணெய்க் கொழுப்பில் பெரும்பகுதியை ஜீரணிக்காமல் கழித்துவிடுகிறது என்பது மெய்தான். ஆகவே கொழுப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவதே விவேகம் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கூடிய எடையில் ஒரு பங்கு, உப்போடு சேர்ந்து உடலில் தங்கிய நீரே என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினார்கள். நீருக்கும் சதைக்கும் தராசு பேதம் பார்ப்பதில்லையே!

கொழுப்பு வெறும் எரிபொருளன்று என்பதை எலிகளைக் கொண்டு பர் தம்பதியர் 1929-லேயே காட்டியிருந்தும், குழந்தைகளிடத்தில் அது உறுதிப்பட 1963 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு டெக்ஸாஸில் ஆரில்ட் ஹான்சன், லினோலிக் அமிலம் என்னும் கொழுப்புக்கூறு அற்ற பாலைக் குடித்த சிசுக்களின் தோல் வறண்டு செதிலாவதை விவரித்தார். அந்த அமிலத்துக்காகத் தாவர எண்ணெய்கள் புட்டிக்குள் தாராளமாகப் புகுந்தன; புகுந்தவுடன் வேறொரு சங்கடம் முளைத்தது. அத்தகைய கொழுப்பு மிகுந்த அளவுக்கு வைட்டமின் ஈ-யின் தேவையும் மிகும். அது போதாதபோது குறைமாதக் குழந்தைகளின் இரத்த அணுக்கள் சிதைவதை 1967-இல் ஆஸ்கியும் பார்னெஸும் வெளிப்படுத்தினார்கள்.

1970-களில் தேங்காய் எண்ணெய்க்கு யோகம் அடித்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு பித்தத்தை அதிகம் எதிர்பாராமல் நேரே ஈரலைச் சென்று சேர்வதால், அது சேர்ந்த பாலைக் குடித்த சிசுக்களின் மலத்தில் கொழுப்புக் குறைந்தது. எடை அதற்கேற்பக் கூடியதா என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. கொழுப்பை ஜீரணிக்கச் செய்யும் வேலைக்குத் தாய்ப்பாலிலேயே ஒரு நொதி இருக்கிறது என்பதையும், பாலைச் சூடாக்கினால் அது அழிந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது.

பிறகு கண்ணின் முறை வந்தது. மூளையிலும் விழித்திரையிலும் படியும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து வருவது. முன்னதாகவே பிறந்த சிசுவுக்கு அது கிடைப்பதில்லை. அது அடங்கிய மீனெண்ணெய் சேர்த்த பாலைக் கொடுத்தபோது பார்வை முன்னதாகத் தெளிந்தது, வளர்ச்சியோ பின்தங்கியது. அரக்கிடோனிக் அமிலம் என்ற மற்றொரு கொழுப்பு அமிலம் இரத்தத்தில் குறைந்த குழந்தைகளே வளர்ச்சியிலும் குறைந்திருந்ததை 1993-இல் சூசன் கார்ல்சன் குழுவினர் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்த பால் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2002-இல். அவற்றில் ஒன்றைக் கடல் நுண்பாசியிலிருந்தும் மற்றொன்றை மண்ணில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்தும் எடுத்தார்கள்.