ஓக் மரத்துக்கு ஒரு தேதி

பென்சிலில் ஒரு ஓக் மரம். இலை இல்லை, பின்னணி இல்லை, தரைகூடச் சரியாக இல்லை. அடிமரம் தாளின் வெறுமையில் அப்படியே கரைந்துவிடுகிறது. ஓரத்தில் வரைந்த நாளும் மாதமும். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிச்சின் மரத் தாள்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். ‘இதுக்கா இவ்வளவு பேச்சு?’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. பனிக்காடு என்றதும் நினைவுக்கு வரும் ஓவியர், ஆனால் இந்தத் தாள்களில் பனியையே காணோம்.

பனி பிறகுதான் வரும், ட்ரெஸ்டனில் அவருடைய அறைக்குள். தைலவண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர். அவருடைய நண்பர் கெர்ஸ்டிங் 1811இல் அந்த அறையை வரைந்திருக்கிறார். ஈசல், நாற்காலி, அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. வெளியே பார்க்க முடியாதபடி ஜன்னலின் கீழ்ப்பாதியையும் அடைத்து வைத்திருக்கிறார். இயற்கையை வரைகிறவர் செய்கிற வேலையா இது?

காடு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எப்போதோ எடுத்த மரத்தைப் பெயர்த்து, வேறொரு நிலத்தில் நட்டு, மேலே பனியைப் போடுவார். ஒரே ஓக் மரம் ஓவியத்துக்கு ஓவியம் திரும்ப வரும். ஒருமுறை எழுதிய ஃபங்ஷனைப் பத்து இடத்தில் நாங்கள் கூப்பிடுவோமே, அதுமாதிரி. ஆனால் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். பொதுவாகப் பயன்பட வேண்டும் என்று நாங்கள் தனித்தன்மையை எல்லாம் செதுக்கி எடுத்துவிடுவோம். அவர் ஒடிந்த கிளையை ஒடிந்தபடியே விட்டார். எங்கே நட்டாலும் அது அந்த ஒரு நாளில் பார்த்த மரம்தான்.

‘ஓக் காட்டில் மடாலயம்’ (1809–10) இப்படிக் கட்டியதுதான். நடுவில் நிற்கும் சுவர் எல்டெனா மடாலயத்தின் இடிபாடு. அவர் பிறந்த கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்தில், 1199இல் தொடங்கிய மடம். சுற்றிலும் மொட்டை ஓக் மரங்கள், பனியில் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிப் போகும் துறவிகள். 1810இல் பெர்லினில் காட்டினார். 1806இல் நெப்போலியனிடம் தோற்று நொறுங்கிக் கிடந்த பிரஷ்ய நாட்டின் அரசர் அதை வாங்கினார். வாங்கச் சொன்னது 15 வயது இளவரசன். தோற்ற ஊருக்கு அந்த இடிபாடு சொந்த வீடுமாதிரி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1813இல் போர் ட்ரெஸ்டனுக்கே வந்தது. ஃப்ரீட்ரிச் எல்பா மலைப்பக்கம் ஒதுங்கினார். அந்த ஜூலையில் வரைந்த ஒரு தாளில், ஜெர்மானியரைப் போருக்கு ஆயத்தமாகச் சொல்லும் வரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு ‘காட்டில் சேசர்’ வந்தது. ஓங்கிய ஊசியிலை மரங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டியபடி தனியாக ஒரு பிரெஞ்சு வீரன், வெட்டிய அடிமரத்தில் ஒரு காக்கை. எதிரியைக் காடே விழுங்கப்போகிறது. இந்தப் படத்தில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மரம் கட்சி சேர்ந்துவிட்டது. இவரைப் பின்னாளில் நாஜிகள் தங்கள் ஆளாகத் தூக்கிப் பிடித்ததற்கு அவர் பொறுப்பில்லைதான். ஆனாலும் அந்த வீரனின் முதுகைப் பார்க்கும்போது யாரோ வீட்டுப் பையன் என்றுதான் தோன்றுகிறது.

போர் முடிந்தபின் மறுபடியும் ஓக் மரங்களுக்கே வந்தார். ‘பனியில் மடாலயக் கல்லறை’ 1817–19இல் வரைந்தது. அதை இனி யாரும் பார்க்க முடியாது. 1945இல், இன்னொரு போரின் கடைசியில், பெர்லினில் அழிந்துபோனது. மிஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அந்த வானத்தின் நிறம் போயே போச்சு.

நோட்டுகள் தப்பின. 1840இல் இறந்தபோது ஃப்ரீட்ரிச் ஏறக்குறைய மறக்கப்பட்டவர். பக்கவாதம் வந்த கடைசி ஆண்டுகளில் தைலவண்ணமும் கைவிட்டுப் போயிருந்தது. ஆனால் 1823 முதல் அதே வீட்டில் குடியிருந்த டால் என்ற நார்வே ஓவியர் நெருங்கிய நண்பர். ஃப்ரீட்ரிச்சை மீண்டும் பேச வைத்த அவுபெர்ட்டும் நார்வேக்காரர். 1806–08இன் நோட்டு ஒன்று இன்றும் ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய சில தாள்களில் ஒரு சின்னக் குறி உண்டு, தொடுவானம் எங்கே என்று காட்ட. கறையோ என்று முதலில் திரையைத் துடைத்துப் பார்த்தேன். நின்று வரைந்தபோது அவருடைய கண் இருந்த உயரம் அது.