அடித்து முடித்த பிறகு என்ன? கண்டியிலிருந்து ஒரு சண்டை அனிமே வழிகாட்டி

2018 மார்ச் முதல் வாரம். திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கண்டியில் ஊரடங்கு. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அடுத்த நாள் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த எனக்கு மிஞ்சியது நண்பன் ஒருவன் தந்திருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதில் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹூட்' முழுத் தொடரும் இருந்தது.

மூன்றாம் நாள் முப்பதாவது எபிசோடுக்கு வந்தேன். சிறுபான்மை இனமொன்றின் ஊர்களை அரச இராணுவம் அழித்த கதையை, அந்த அழிப்பில் பங்கெடுத்த பெண் சிப்பாய் ஒருத்தியே ஒரு பையனுக்குச் சொல்கிறாள். அழவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. வெளியே வீதியில் இராணுவ வாகனமொன்று போனது. நான் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டேன். மீதியைப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

அதுவரை சண்டை அனிமே என்றால் எனக்கு முஷ்டி, வெளிச்சம், அலறல். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் டிவிடி வாங்கிப் பார்த்த பள்ளிக் காலத்திலிருந்து அப்படித்தான். அந்த வாரத்துக்குப் பிறகு இந்த வகைப் படைப்புகளை ஒரே கேள்வியால் அளக்கத் தொடங்கினேன். அடித்து முடித்த பிறகு கமரா எங்கே நிற்கிறது? வென்றவனோடு போய்விடுகிறதா, விழுந்தவனிடம் நிற்கிறதா? கீழே வருவது அந்த அளவுகோலை வைத்து ஒரு ரசிகன் செய்த தெரிவு. கதைகளின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லியே ஆகவேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் தொடர்களின் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஜப்பானியர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 'பேர்ஃபூட் ஜென்' கதையை வரைந்த கெய்ஜி நாகசாவா ஹிரோஷிமா அணுகுண்டிலிருந்து உயிர் தப்பியவர். அதன் அனிமே திரைப்படம் 1983இல் வந்தது. அதற்கு நான்கு வருடங்கள் முன்னர், 1979இல், யோஷியுகி டொமினோ இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' ராட்சத ரோபோக் கதைகளின் போக்கையே மாற்றியது. வேற்றுக்கிரக அரக்கர்களுக்குப் பதிலாக எதிரி முகாமிலும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அம்மா, தங்கை, வீடு. முதல் ஒளிபரப்பில் பார்வையாளர்கள் குறைவு என்று 52 எபிசோடுகளை 43ஆகக் குறைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் ஒரு பெரும் வணிகமே நடக்கிறது.

'ஃபுல்மெட்டல்' கதைக்குத் திரும்புவோம். ஹிரோமு அரகாவா என்ற பெண் ஓவியர் 2001 முதல் 2010 வரை வரைந்த மாங்கா அது. 2009–10இல் 64 எபிசோடுகளாக 'பிரதர்ஹூட்' வந்தது. கதைக்குள் இஷ்வால் என்ற பகுதி. ஒரு சிப்பாய் ஒரு குழந்தையைச் சுடுகிறான். அதிலிருந்து ஏழு வருட உள்நாட்டுப் போர். கடைசியில் இஷ்வால் மக்களை முற்றாக அழிக்க அரச கட்டளை. இதை எழுதுவதற்காக அரகாவா இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட முன்னாள் சிப்பாய்களிடம் நேரில் பேசினார். அது திரையில் தெரிகிறது. கட்டளையை நிறைவேற்றியவர்கள் வில்லன்களாக வரவில்லை, கதாநாயகனின் நண்பர்களாக வருகிறார்கள். இலங்கையில் இதைப் பார்க்கிறவருக்கு அந்த இடம் லேசாக இருக்காது.

என் பார்வையில் தொடரின் உச்சம் ஒரு சண்டையே அல்ல. உயிர் தப்பிய இஷ்வால்காரன் ஒருவன், ஸ்கார் என்று அழைக்கப்படுகிறவன், தனக்குச் சிகிச்சை அளித்த இரண்டு வைத்தியர்களையே வெறியில் கொன்றுவிடுகிறான். அவர்களுடைய மகள் வின்ரி. ஒருமுறை அவள் கையில் துப்பாக்கி கிடைக்கிறது, சுடவில்லை. பின்னர் பனிமலையில் அவன் காயப்பட்டுக் கிடக்கும்போது, பெற்றோர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். மன்னித்துவிட்டாயா என்று அவன் கேட்க, அப்படி நினைத்துக்கொள்ளாதே என்கிறாள். கட்டுப் போடுவதும் மன்னிப்பதும் வேறு வேறு. 'மறப்போம், மன்னிப்போம்' என்று மேடைதோறும் கேட்டுக் களைத்த நமக்கு அந்த வேறுபாடு உடனே விளங்கும்.

குறையும் உண்டு. குற்றம் செய்த அதிகாரிகள், என்றாவது எங்கள்மீது விசாரணை வரவேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். 64 எபிசோடுகள் முடிந்தும் அந்த விசாரணை வருவதில்லை. இஷ்வாலை மீளக் கட்டியெழுப்பும் திட்டத்தோடு கதை நகர்ந்துவிடுகிறது. வீதியும் பாலமும் போட்டால் சரியாகிவிடும் என்ற கதையை நாங்கள் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம்.

ஒரு சிறு இடைச்செருகல். 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், பகைமையால் பகைமை தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானிடமிருந்து நட்டஈடு வேண்டாமென்றவர் அன்றைய இலங்கை நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. ஜப்பான் அதை மறக்கவில்லை. காமகுரா பெரிய புத்தர் சிலையருகே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1983 ஜூலையில் இந்த நாட்டின் ஜனாதிபதி யார் என்பதை நாமும் மறக்கவில்லை.

மலையகத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஒரு படம் என்றால் அது ஹயாவோ மியாசாகியின் 'பிரின்செஸ் மொனோனோகே' (1997). காட்டை வெட்டி இரும்பு உருக்கும் ஒரு நகரம், அதை எதிர்க்கும் காட்டுத் தெய்வங்கள், நடுவில் சாபத்தால் கை கறுத்த ஓர் இளைஞன். வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் இதைச் சூழல் பாதுகாப்புப் படமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது இரும்பு நகரத்தின் தொழிலாளர்கள். விபச்சார விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் துருத்தி மிதிக்கிறார்கள். தொழுநோயாளர்கள் துப்பாக்கி செய்கிறார்கள். காட்டை அழிக்கும் வேலைதான், ஆனால் உலகத்தில் அவர்களுக்குச் சோறும் மரியாதையும் கிடைத்த இடம் அது ஒன்றே.

கண்டி மலைகளில் பிரித்தானியர் கோப்பிக்காகக் காடழித்தபோது கோடரி பிடித்தவர்கள் யார்? 1867இல் ஹேவாஹெட்ட லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நட்ட கைகளின் பெயர் அதில் இல்லை. இன்று மண்சரிவு வந்தால் முதலில் மூடப்படுவதும் அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுடைய லயன்கள்தான். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலேயில் மிஞ்சியிருக்கும் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வரும். யாரைத் திட்டுவது என்று மியாசாகி சொல்லித் தருவதில்லை. முடிவில் காட்டுப் பெண் சான், உன்னைப் பிடிக்கும், மனிதர்களை மன்னிக்க முடியாது என்று இளைஞனிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்கே திரும்பிவிடுகிறாள்.

நீண்ட தொடர்களுக்கு வருவோம். 'நருடோ'வைப் பற்றிக் கேட்காத தம்பிகள் இல்லை. 220 எபிசோடுகள், பிறகு 'ஷிப்புடென்' 500. கதைக்குத் தேவையே இல்லாத இட்டுநிரப்பல்கள் ஏராளம். எல்லாவற்றையும் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது. ஆனால் 'ஷிப்புடென்' 152இலிருந்து 175 வரை கட்டாயம் பார்க்கவேண்டும். பெரிய நாடுகள் தங்கள் போரைச் சண்டையிட்டுத் தீர்த்துக்கொண்ட சின்ன நாடொன்றின் அநாதைப் பிள்ளை, வளர்ந்து வந்து பெரிய கிராமமொன்றையே தரைமட்டமாக்குகிறான். எங்கள் வலி உங்களுக்கும் தெரியட்டும் என்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நருடோ தடுமாறும் அந்தச் சில நிமிடங்கள்தான் தொடரின் மிக நேர்மையான பகுதி. அதற்குப் பிறகு செத்தவர்கள் உயிர்த்து வருவது ஏமாற்று வேலை.

'டீமன் ஸ்லேயர்' இப்போது எல்லாரையும் வென்றுவிட்டது. அதன் 'முகென் டிரெயின்' (2020) ஜப்பானில் 'ஸ்பிரிட்டட் அவே'யின் வசூலைத் தாண்டியது. 2025 செப்டெம்பரில் 'இன்ஃபினிட்டி காசில்' இந்தியாவில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. ஓவியத்தில் யுஃபோடேபிள் நிறுவனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதாநாயகன் தஞ்சிரோ, தான் வெட்டிய அரக்கனின் கையைப் பிடித்து அவனுக்காக வேண்டிக்கொள்வான். அழகான காட்சி. எனக்கு ஒரு நெருடல்: அரக்கனின் பழைய கதை அவன் தலை விழுந்த பிறகுதான் வருகிறது. செத்தவனுக்கு இரங்குவதில் செலவு ஒன்றுமில்லை. 'சோலோ லெவலிங்' பற்றிச் சொல்ல அதைவிடக் குறைவு. தனியொருவன் மேலும் மேலும் பலசாலி ஆகிறான், அவ்வளவுதான். மழை நாளுக்கு நல்லது.

ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' (2013–2023) வேறு ரகம். மூன்று பாகங்கள் வரை மதிலுக்கு வெளியே அரக்கர், உள்ளே நாம். நான்காம் பாகத்தில் கடலுக்கு அப்பால் இன்னொரு ஊர். அங்கே அதே இனத்தவர் கையில் பட்டி கட்டிக்கொண்டு, அடைக்கப்பட்ட வலயத்துக்குள், வெளியே போக அனுமதி கேட்டு வாழ்கிறார்கள். அடையாள அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறும் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களுக்கு அந்தப் பட்டி தெரியும். அந்த வலயத்தில் வளர்ந்த கபி என்ற சிறுமி, நாம் மூன்று பாகங்களாக நேசித்த சாஷாவைச் சுட்டுவிடுகிறாள். ரசிகர்கள் கபியைத் திட்டித் தீர்த்தார்கள், நானும்தான். பிறகு 72ஆவது எபிசோட். சாஷாவின் தகப்பன் கையில் கத்தி, எதிரே அந்தச் சிறுமி. அவர் ஒரு வேட்டைக்காரர். பிள்ளைகளையாவது இந்தக் காட்டுக்கு வெளியே வைத்திருப்பது பெரியவர்கள் பொறுப்பு என்று சொல்லிக் கத்தியைக் கீழே வைக்கிறார். திட்டிய எனக்கு வெட்கமாகப் போனது.

தொடரின் முடிவு அந்தத் தகப்பனின் உயரத்தை எட்டவில்லை. உலகத்தின் பெரும்பகுதியை மிதித்துக் கொன்ற எரனிடம் நண்பன் பேசும் ஓர் உரையாடல், 2021இல் மாங்காவில் வந்தபோது கடும் சர்ச்சையானது. 2023 நவம்பரில் வந்த அனிமே அதைத் திருத்தியது. அப்படியும் கொன்றவனின் கண்ணீருக்குக் கிடைத்த நேரம் செத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது சிறுவர்களுக்கான தொடரும் அல்ல. கார்ட்டூன்தானே என்று எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

மொழி ஒரு சிக்கல். 'நருடோ'வும் இன்னும் சிலவும் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. சென்னைப் பேச்சு நகைச்சுவைக்குப் பொருந்துகிறது, துக்கத்தில் இடறுகிறது. மொழி அவ்வளவு வராத அம்மாவோடு பார்க்க அதுவே வழி. தனியாகப் பார்ப்பதென்றால் ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலும்.

ஒரே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் கையில் கொடுப்பது மகோடோ யுகிமுராவின் 'வின்லண்ட் சாகா'. முதல் பாகம் (2019) இரத்தக்களறி: தகப்பனைக் கொன்றவனைப் பழிவாங்க வளரும் வைகிங் பையன் தோர்ஃபின். இரண்டாம் பாகத்தில் (2023) அவன் ஒரு பண்ணையில் அடிமை. காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, கோதுமை விதைத்து, விற்ற காசில் தன்னையே விலைகொடுத்து மீட்கவேண்டும். இரவில் அவன் கொன்றவர்கள் கனவில் வருகிறார்கள். பல எபிசோடுகளுக்கு மண்ணும் வேரும்தான். கடைசியில் அவன் நூறு குத்துகளைத் திருப்பி அடிக்காமல் வாங்கி நிற்கிறான். நான் பார்த்த சண்டைக் காட்சிகளில் அதைவிடப் பெரியது இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் 'அட்டாக் ஆன் டைட்டன்' கேட்டு வந்தான். இதை முதலில் பார் என்று ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, ரெண்டாவது சீசன்ல சண்டையே இல்லையே, தோட்டத்து வேலதானே செய்றானுங்க." எத்தனையாவது எபிசோட் என்று கேட்டேன். ஐந்து என்றான். பார், பார் என்றேன். ஹார்ட் டிஸ்க் இன்னும் திரும்பி வரவில்லை.