புரை எடுத்த கண் மீண்டும் மங்கினால் என்ன காரணம்?

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர், சில ஆண்டுகள் கழித்து, “பார்வை மறுபடியும் மங்குகிறது, புரை திரும்ப வந்துவிட்டது” என்று வருந்துவதுண்டு. அகற்றப்பட்ட புரை திரும்ப வருவதில்லை. மங்கலுக்கு வேறு காரணம் இருக்கும். அதைக் காலத்தோடு கண்டறிந்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

கண்ணில் இயற்கையாக உள்ள லென்ஸ் மங்கிப்போவதே புரை. அதை அகற்றிவிட்டு, அதன் மெல்லிய உறைக்குள் செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது. இத்தகைய லென்ஸை 1949ஆம் ஆண்டு லண்டனில் முதன்முதலில் பொருத்தியவர் டாக்டர் ஹரோல்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குப் பெரிய தீங்கு செய்யாததைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. பெரும்பாலோருக்கு இந்த லென்ஸை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை.

எந்த லென்ஸ் யாருக்கு?

ஒற்றைக் குவிய லென்ஸ் பொதுவாகத் தூரப் பார்வைக்காகவே பொருத்தப்படுகிறது. நாளிதழ் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். கருவிழியின் வளைவு சீராக இல்லாதவர்களுக்கு டோரிக் லென்ஸ் உதவும். அது சரியான கோணத்தில் நிற்க வேண்டும். 30 பாகை திரும்பிவிட்டால் அதன் பலன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

பல்குவிய லென்ஸ் தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒளியைப் பங்கிட்டுத் தருகிறது. பலர் கண்ணாடியின்றியே வாசிக்கிறார்கள். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையலாம். இருட்டோடு பால்வெட்டப் போகிறவரும் இரவில் லோரி ஓட்டுகிறவரும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த லென்ஸ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. விலை கூடிய லென்ஸ் எல்லாருக்கும் ஏற்ற லென்ஸ் அல்ல.

ஆண்டுகள் கடந்தபின்

மங்கலுக்கு அடிக்கடி காணப்படும் காரணம், லென்ஸுக்குப் பின்னாலுள்ள உறையில் படலம் படர்வது. இதற்கு மறுபடியும் கத்தி வைக்கத் தேவையில்லை. லேசர் சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கவலைக்குரியவை நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு, குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய், முதுமையில் விழித்திரையின் மையம் தேய்வது ஆகியவை. விழித்திரையும் பார்வை நரம்பும் கெட்டுவிட்டால் எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் அதை ஈடுசெய்ய முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் குடும்பங்களிலும் இனிப்புநீர் புதிதல்ல. தொடக்கத்தில் வலியோ மங்கலோ இல்லாமலே இது விழித்திரையைத் தாக்கும்.

ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் புரை எடுத்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இதுபற்றிக் கேட்கலாம். பொருத்தப்பட்ட லென்ஸின் விவர அட்டை தரப்பட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், கரும்புள்ளிகள் மிதந்தாலும், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழித்திரை பிரிவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.