துண்டு யார் கையில்?

சப்ரகமுவத் தோட்டங்களின் கங்காணிக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆள் கூட்டி வந்தவர் பெரிய கங்காணி. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அவர்களைக் கடனில் மாட்டியவரும் அவரே. மலையில் நின்று வேலை வாங்கியவரும், வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு எடுத்தவரும் அவரே. எட்டியாந்தோட்டை இறப்பர் மலையை விட்டு ஒரு குடும்பம் பலாங்கொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போக நினைத்தால், ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுகிறேன்’ என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிய துண்டு வேண்டும். ஆட்கள் போனால் யாருக்கு நட்டமோ, போகலாம் என்று எழுதித்தரும் அதிகாரமும் அவருக்கே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

மோட்டார் பந்தயத்தின் வரலாற்றிலும் இப்படி ஒரு துண்டு உண்டு. இலங்கையில் இந்த விளையாட்டே தோட்டப் பாதைகளோடு வளர்ந்ததுதான். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. பொழுதுபோக்காக இருந்த வரையில் யார் நடத்துகிறார், யார் தீர்ப்புச் சொல்கிறார் என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. விளம்பரப் பணமும் ஒளிபரப்பு உரிமையும் நுழைந்த பிறகு அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

அதை நீதிமன்றப் படியேற்றியவர்கள் கிரேக்க நாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள். ‘மோட்டோ’ என்பது அவர்களுடைய கூட்டமைப்பு. இலாப நோக்கம் இல்லாதது. 2000ஆம் ஆண்டில் நாடு தழுவிய போட்டிகளை நடத்த அரசிடம் அனுமதி கேட்டது. அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதிக்கு முன் ‘எல்பா’ என்ற மோட்டார் கழகத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. எல்பா அப்போது உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் கிரேக்கப் பிரதிநிதியாக இருந்தது. அது மட்டுமென்றால் குறை சொல்ல இடமில்லை. எல்பா தானும் பந்தயம் நடத்தியது. அனுசரணை, விளம்பரம், காப்புறுதி ஒப்பந்தங்களையும் செய்துகொண்டது. அதாவது, தன்னோடு போட்டியிட வருகிறவருக்குச் சம்மதம் கொடுப்பதா வேண்டாமா என்பதை எல்பாவே தீர்மானித்தது.

சம்மதம் வரவில்லை. எல்பாவிடமிருந்து கடிதம் எதுவும் கிடைக்கவில்லை என்று அமைச்சு கைவிரித்தது. மறுத்திருந்தால்கூட எதிர்த்து வாதாட ஒரு காரணம் கையில் இருந்திருக்கும். மௌனத்தை எதிர்த்து என்ன வாதாடுவது? மோட்டோ 50 இலட்சம் திராக்மா நட்டஈடு கேட்டு அரசின்மீது வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஏதென்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டப் பிரச்சினையை லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2008 ஜூலை 1ஆம் திகதி தீர்ப்பு வந்தது. தானே பந்தயம் நடத்தி வருமானம் தேடும் ஓர் அமைப்புக்கு, மற்றவர்களின் பந்தயத்துக்குச் சம்மதம் தரும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கிறது. அந்த அதிகாரத்துக்கு வரம்பும் இல்லை, மேலிருந்து மீளாய்வும் இல்லை. இது ஐரோப்பியப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்றது நீதிமன்றம். எல்பா கெட்ட எண்ணத்தோடு நடந்ததா என்ற ஆராய்ச்சியில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஏற்பாடே தவறு என்பதுதான் அதன் சாரம். எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. நாம் எப்போதும் ஆளைத்தான் தேடுகிறோம். நல்ல கங்காணி, பொல்லாத கங்காணி என்று பிரிக்கிறோம். அந்த நீதிபதிகள் துண்டையே கையில் எடுத்துப் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு எதிரான சூப்பர் லீக் வழக்கிலும் இந்தத் தீர்ப்பின் வழியிலேயே நீதிமன்றம் நடந்தது.

உச்சியிலும், அதிகாரம் ஒரே கையில் சேர்வது பற்றிய கேள்வி இருக்கிறது. உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வணிக உரிமை 1992இல் ஸ்பெயினின் டோர்னா நிறுவனத்தின் கைக்கு வந்தது. டோர்னாவை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தையும் வாங்கப் போனபோது, இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்தது. 2006இல் டோர்னா கைமாறியது. 2025 ஜூலையில் ஃபார்முலா ஒன்னை நடத்தும் லிபர்ட்டி நிறுவனமே டோர்னாவையும் வாங்கியது. இம்முறை அதே ஆணையம் சம்மதித்தது.

நமக்கு நெருக்கமான கதை தியத்தலாவையில் இருக்கிறது. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, பெரகலை வழியாக மலையேறினால் அந்த ஊர். அங்கே இராணுவக் கல்லூரியின் ஃபொக்ஸ் ஹில் பந்தயம் 1993இல் தொடங்கியது. மோட்டார் சைக்கிளும் காரும் ஓடும். 2024 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். 20க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பந்தயத்தை இராணுவம், மோட்டார் விளையாட்டு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து நடத்தியது. நடந்த இடம் இராணுவத்தின் தடம். பொலிஸார் தனியே விசாரித்தார்கள் என்றாலும், விபத்தை ஆராய ஏழு பேர் குழுவை அமைத்ததும் இராணுவமே.

அந்தக் குழுவினர் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் சேர வேண்டும் என்பது நடத்துகிறவரின் அக்கறை. கூட்டம் எட்ட நிற்க வேண்டும் என்பது பாதுகாப்புப் பார்ப்பவரின் அக்கறை. இரண்டையும் ஒரே அமைப்பின் தலையில் வைத்தால், வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் பிள்ளைக்காகப் பேச அந்த மைதானத்தில் ஆள் இருக்காது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, பந்தயத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் வாயிலிருந்து பதில் கேட்கும் உரிமை உண்டு.

தேசிய விளையாட்டுச் சங்கங்களைப் பதிவு செய்வதும் அவற்றுக்கு ஒழுங்குவிதி வகுப்பதும் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பந்தயம் நடத்தும் எந்த அமைப்பும், அது சீருடை அணிந்த அமைப்பானாலும், தன் தடத்துக்குத் தானே பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கவோ தன் விபத்தைத் தானே விசாரிக்கவோ கூடாது என்ற விதியை அந்த ஒழுங்குவிதிகளில் எழுத வேண்டும். அடுத்த பந்தயத்துக்குக் கொடி அசைவதற்கு முன்னரே எழுத வேண்டும்.