சுகாஸ் ஷிர்வள்கர்

சுகாஸ் ஷிர்வள்கர் (15 நவம்பர் 1948 – 11 ஜூலை 2003) புனேயைச் சேர்ந்த மராத்தி நாவலாசிரியர். துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையும் எழுதிக் குவித்தவர். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாசகர்கள் இவரைச் ‘சுஷி’ என்று அழைத்தனர். தமிழில் தேவன், சுஜாதா போன்ற புனைபெயர்கள் பெற்ற நெருக்கம் மராத்தியில் இந்த ஈரெழுத்துக்கு உண்டு.

1970களில் ஷிர்வள்கர் எழுத வந்தபோது, மராத்தி மர்மக் கதை ஏற்கெனவே ஒரு பெரிய சந்தையாக இருந்தது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மும்பையின் பாபுராவ் அர்னால்கர். 1936இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர்மக் கதைப் புத்தகங்களை வெளியிட்டு, கின்னஸ் பதிவில் இடம்பிடித்தவர் அவர். வாடகை நூலகங்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்த இத்தகைய மலிவுப் பதிப்புகளை விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. தமிழில் குற்றக் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களைப் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்தவர்களுக்கு இந்த நிலவரம் புதிதல்ல.

ஷிர்வள்கரும் தொடர் நாயகர்களை வைத்தே வாசகரைப் பிடித்தார். தாரா புலந்த், மந்தார் பட்வர்தன், ஃபிரோஸ் இரானி, பாரிஸ்டர் அமர் விஸ்வாஸ் எனப் பலர் உண்டு. ஒருவரையே நம்பியிராமல் நாயகனை மாற்றிக்கொண்டே இருந்ததால், அளவுக்கு மிஞ்சி எழுதியும் அலுப்புத் தட்டவில்லை எனலாம். அமர் விஸ்வாஸ் வழக்கறிஞர். சுஜாதாவின் வழக்கறிஞர் நாயகர்களான நம் கணேஷ்–வசந்துக்குத் தொழில்முறை உறவினர்.

ஆனால் இவர் பெயரை நிலைநிறுத்தியது குற்றக் கதை அல்ல. 1982இல் வெளிவந்த ‘துனியாதாரி’, புனேயின் சர் பரசுராம்பாவு கல்லூரியைக் களமாகக் கொண்டது. அங்கே ‘கட்டா’ என்னும் குட்டைச் சுவரில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கும் நண்பர் கூட்டம்தான் கதை. ஷ்ரேயஸ், திக்யா, ஷிரின் ஆகிய பாத்திரங்கள் கல்லூரி மாணவர்களிடையே தலைமுறை தாண்டி வாழ்ந்தன. துப்பறியும் கதையில் பழகிய கை இதிலும் தெரிகிறது: ஆட்கள் வர்ணனையால் அல்ல, பேச்சால் அறிமுகமாகிறார்கள், அத்தியாயங்கள் அடுத்ததைப் புரட்ட வைத்தே முடிகின்றன.

2013இல் சஞ்சய் ஜாதவ் இயக்கத்தில் ஸ்வப்னில் ஜோஷி, அங்குஷ் சௌதரி, சாய் தம்ஹன்கர் நடித்து இந்நாவல் திரைப்படமானது. பெரும் வெற்றியும் பெற்றது. ஆசிரியர் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இப்படத்தால் பலர் அவரைக் கல்லூரிக் காதல் கதைக்காரராகவே அறிந்துகொண்டதுதான் விசித்திரம்.

அவருடைய மர்மக் கற்பனையைப் புதிய பார்வையாளர்களிடம் கொண்டுசென்றது ‘சமாந்தர்’ நாவல். தன் வாழ்க்கையை அப்படியே முன்பு வேறொருவர் வாழ்ந்து முடித்திருக்கிறார் என்று குமார் மகாஜன் அறிகிறான்; அந்த மனிதர் சுதர்ஷன் சக்ரபாணியின் நாட்குறிப்பே அவனுக்கு எதிர்காலமாகிறது. சதீஷ் ராஜ்வாடே இயக்கத்தில் இது 2020இல் இணையத் தொடராக வந்தது. 2021இல் இரண்டாம் பருவமும் வெளியானது.