மலைவாழையும் நோய் எதிர்ப்பு இரகத் தேடலும்

மலைவாழை என்பது தமிழ்நாட்டில் பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும் சிறுமலையிலும் பயிரிடப்படும் விருப்பாட்சி, சிறுமலை ஆகிய வாழை இரகங்களைக் குறிக்கும். பழனி பஞ்சாமிர்தத்திற்கு உரிய பழம் விருப்பாட்சியே. பழனி மலைப்பகுதியில் 1970களில் சுமார் 18,000 எக்டேராக இருந்த இதன் பரப்பு, பின்னர் சுமார் 2,000 எக்டேராகச் சுருங்கியது. முதன்மைக் காரணம் முடிக்கொத்து நோய்.

இந்நோய் 1913இல் இலங்கையில் அறியப்பட்டு, 1940இல் கேரளத்தில் பதிவானது. அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த நச்சுயிரி தாக்கிய மரத்தில் இலைகள் சிறுத்து நுனியில் கொத்தாக நிற்கும். பெரும்பாலும் குலை தள்ளாது. நோயுற்ற மரத்தின் பக்கக்கன்றை நட்டால் நோயும் உடன் வரும். விவசாயி தன் கையாலேயே நோயை அடுத்த தோட்டத்திற்குக் கொண்டுபோன கதை இது. மலைவாழை காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாகப் பல்லாண்டு நிற்கும் பயிர் என்பதால், நோயுற்ற குத்துகள் அகற்றப்படாமல் தங்கிவிட்டன.

எதிர்ப்புத்திறன் உள்ள இரகத்தை உருவாக்கலாமே என்று கேட்கலாம். உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதி நிறப்புரிகள் கொண்டவை, விதை அரிது. விதையின்மை உண்பவருக்கு வசதி, இனவிருத்தி செய்பவருக்குத் தடை. உலகில் முறையான வாழைக் கலப்பு 1922இல் டிரினிடாட்டில் தொடங்கியது. பனாமா வாடல் நோய்க்கு ஆளான குரோ மிச்செல் இரகத்திற்கு மாற்றுத் தேடுவதே அதன் நோக்கம். ஆயினும் ஏற்றுமதிச் சந்தையைக் காப்பாற்றியது புதிய கலப்பினம் அன்று. ஏற்கெனவே இருந்த கேவண்டிஷ்.

தமிழ்நாட்டில் 1949இல் ஆடுதுறையில் தொடங்கிய வாழை ஆராய்ச்சி பின்னர் கோயம்புத்தூருக்கு மாறியது. லாடன் இரகத்தைக் காட்டு வாழையுடனும், அவ்வழித் தோன்றலைக் கதலியுடனும் கலந்து பெற்ற கோ.1, 1984இல் வெளியிடப்பட்டது. விருப்பாட்சியின் மணமும் புளிப்பும் கொண்ட இது சமவெளியிலும் வளரும். எனினும் முடிக்கொத்து நோய்க்கான விடை அதுவன்று. அந்நோயை முற்றிலும் தாங்கும் உண்ணும் வாழை இரகம் எதுவும் பயிரில் இல்லை.

ஆகவே ஆய்வு திசை மாறியது. நச்சுயிரி இல்லை என்று சோதித்தறிந்த தாய்மரங்களிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உருவாக்கப்பட்டு மலை விவசாயிகளுக்கு வழங்கப்பட்டன. இப்பணியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கும், 1993இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திற்கும் பங்குண்டு. நோயற்ற கன்று நோயைத் தாங்கும் கன்று அன்று. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய்க்குத்து நின்றாலும் அசுவினி அதைத் தொற்றவைத்துவிடும். எனவே ஒருவர் மட்டும் புதுக்கன்று நட்டுப் பயனில்லை. மலைச்சரிவில் உள்ள அனைவரும் பழைய நோய்மரங்களைச் சேர்ந்து அழிக்க வேண்டும்.